அண்ணனுக்கு அடக்க ஊசி, தம்பிக்கு ஏற்ற ஊசியா?

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 66. அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் மன்னார்குடிப் பக்கம். இரண்டு மாதத்துக்கு முன் இரவு 2 மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்தவன் பாத்ரூமில் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்ட எலும்பு டாக்டர், "இந்த விழுகைக்கு இப்படி முறியக் கூடாதே" என்று எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இடுப்பில் டி ஸ்கோர் (இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.7, முதுகெலும்பில் மைனஸ் 1.6. எலும்பு அடர்த்திக் குறைவு, ஆஸ்டியோபோரோசிஸ் என்றார். அது பெண்களுக்கு வருவதல்லவா? நான் தினமும் 45 நிமிடம் நடக்கிறேன், யோகா செய்கிறேன், புகை, மது எதுவும் கிடையாது. எடை 20 வருடமாக அதே 66 கிலோ. ஆனால் கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் முன்னால் வருகிறது. முகம் பூரிப்பாக இருப்பதால் பார்ப்பவர்கள் "நல்லா இருக்கீங்க சார்" என்கிறார்கள். சர்வீஸ் ரெஜிஸ்டரில் உயரம் 170 செ.மீ. என்று இருக்கிறது, இப்போது அளந்தால் 165.5.

என் மாப்பிள்ளை ஜிம்முக்குப் போகிறவர். அவர் சொல்லி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அளவைப் பார்த்தேன். கட்டுப் போட்ட பத்தாம் நாள், சாயங்காலம் 4 மணிக்கு எடுத்தது, 270 இருந்தது. "ஊசி போட்டால் எலும்பு, சதை எல்லாம் திரும்ப வரும்" என்கிறார். ஆனால் 71 வயதாகும் என் அண்ணனுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய். இதே ஹார்மோனை அடக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு ஊசி போடுகிறார்கள். அவருக்கும் கை கால் மெலிந்து தொப்பை விழுந்திருக்கிறது. அவருக்கு அடக்க ஊசி, எனக்கு ஏற்ற ஊசியா? குழப்பமாக இருக்கிறது.

பின்குறிப்பு: ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் இரவில் ஒன்று. போன வருடத்திலிருந்து சர்க்கரை மாத்திரை. மூட்டு வலிக்கு இரண்டு வருடமாகப் பக்கத்து ஊரில் ஒருவர் தரும் பொடி. அருமையாகக் கேட்கிறது.

பதில்:

வணக்கம் சார். கணக்கு வாத்தியார் என்பதால் வேண்டிய எண்களை எல்லாம் நீங்களே எழுதிவிட்டீர்கள், எனக்கு வேலை மிச்சம். ஆனால் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் டி ஸ்கோரும் இல்லை, டெஸ்டோஸ்டிரோனும் இல்லை. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே பின்குறிப்பு, அதன் கடைசி வரி.

அது அவசரம் என்பதால் அதையே முதலில் பேசிவிடுகிறேன். அந்தப் பொடியை இதைப் படித்த கையோடு நிறுத்திவிடாதீர்கள். தவறாக அச்சாகவில்லை, நிறுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். லேபிள் இல்லாமல் காகிதத்தில் மடித்துத் தரும் மூட்டு வலிப் பொடி இரண்டு வருடமாக "அருமையாகக் கேட்கிறது" என்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்பதுதான் எனக்கு முதலில் வரும் சந்தேகம். சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. முறையாகப் படித்த சித்த மருத்துவர் என்ன தருகிறார் என்று எழுதியே தருவார். பேர் ஊர் இல்லாத பொடியைத்தான் சொல்கிறேன். ஸ்டீராய்டு வெளியிலிருந்து நாள்தோறும் வந்துகொண்டிருந்தால், சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, நமக்கு வேலை இல்லை என்று தூங்கிவிடும். பொடியைத் திடீரென நிறுத்தினால் அது உடனே விழித்துக்கொள்ளாது. வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் தடாலென்று இறங்குவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே பொடிப் பொட்டலத்தையே எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். காலையில் கார்டிசால் (அட்ரினல் சுரக்கும் இயற்கை ஸ்டீராய்டு) அளவைப் பார்த்து, தேவைப்பட்டால் அளவு தெரிந்த மாத்திரைக்கு மாற்றி, படிப்படியாகக் குறைப்பார்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் இருக்கும் பலதையும் இந்த ஒரு சந்தேகம் சேர்த்துக் கட்டிவிடுகிறது. முகம் பூரிப்பது, வயிறு முன்னால் வருவது, தோளும் தொடையும் மெலிவது, புதிதாகச் சர்க்கரை வருவது, எலும்பு கரைவது, எல்லாமே அதிக ஸ்டீராய்டின் அடையாளங்கள். ஸ்டீராய்டு எலும்பைக் கட்டும் செல்களை முடக்கிவிடும். குடலில் கால்சியம் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரியை அடக்கி, விதைப்பையில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதையும் குறைத்துவிடும். அதாவது மாப்பிள்ளை பார்த்துப் பதறிய அந்த 270க்குக்கூட இந்தப் பொடியே காரணமாக இருக்கலாம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடிகிறதா? லேசாகப் பட்டாலே கையில் ஊதா நிறமாகக் கன்றிப் போகிறதா? இரண்டையும் கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

பொடியில் ஸ்டீராய்டே இல்லை என்று தெரிந்தாலும் உங்கள் கேள்விகளுக்கு விடை வேண்டும்தானே. அவற்றுக்கு வருகிறேன்.

எலும்பு அடர்த்திக் குறைவு பெண்களின் நோய் என்பது பாதி உண்மை. இடுப்பு எலும்பு முறிகிறவர்களில் மூன்றில் ஒருவரோ நான்கில் ஒருவரோ ஆண். அதைவிட வருத்தமான விஷயம், முறிந்த பிறகு ஒரு வருடத்துக்குள் இறந்துபோவது பெண்களைவிட ஆண்களில் அதிகம். பையன்களுக்கு எலும்பு பெரிதாக, தடித்து வளர்கிறது, கையிருப்பு அதிகம். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்போது ஹார்மோன் ஒரேயடியாக விழுவது போல ஆண்களுக்கு விழுவதில்லை. முப்பது, நாற்பது வயதுக்கு மேல் டெஸ்டோஸ்டிரோன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் என்று மெதுவாக இறங்குகிறது. கூடவே அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஒரு புரதம் ரத்தத்தில் வயதோடு ஏறுகிறது. அதனால் உடம்புக்கு உண்மையில் கிடைக்கும் பங்கு, மொத்த அளவைவிட வேகமாகக் குறைகிறது. எலும்புக்கு உள்ளே பார்த்தால், பஞ்சு மாதிரி இருக்கும் பகுதியில் பெண்களுக்குக் குறுக்குக் கம்பிகள் அறுந்தே போகின்றன. ஆண்களுக்குப் பெரும்பாலும் கம்பிகள் மெலிகின்றன. ஆக, நமக்குக் கொஞ்சம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். ஆண்களிடம் இதை யாரும் தேடுவதில்லை என்பதால் முதல் முறிவுதான் முதல் அறிகுறியாகிவிடுகிறது. உங்கள் எலும்பு டாக்டர் தேடினார். அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.

அடுத்து நான் சொல்லப் போவது உங்கள் மாப்பிள்ளைக்குப் பிடிக்காது. ஆணின் எலும்பைப் பெரும்பங்கு காப்பது டெஸ்டோஸ்டிரோன் இல்லை, ஈஸ்ட்ரோஜன். பெண் ஹார்மோன் என்று நாம் பெயர் வைத்திருக்கிறோமே, அதேதான். ஆண் உடம்பில் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு சிறு பகுதி அரோமடேஸ் என்ற நொதியால் ஈஸ்ட்ரோஜனாக மாற்றப்படுகிறது. இன்னொன்று சொன்னால் வீட்டில் சண்டை வரலாம்: இந்த வயதில் உங்கள் ரத்தத்தில் ஓடும் ஈஸ்ட்ரோஜன், வீட்டம்மாவின் ரத்தத்தில் ஓடுவதைவிடப் பெரும்பாலும் அதிகமாகத்தான் இருக்கும்.

இது தெரியவந்த கதை சுவையானது. 1994இல் அமெரிக்காவில் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். 204 செ.மீ. உயரம், இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறார். வழக்கமாகப் பதினெட்டு, இருபதில் மூடிக்கொள்ளும் எலும்பு நுனிகள் அவருக்கு மூடவில்லை. டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருந்தது. ஈஸ்ட்ரோஜனும் ரத்தத்தில் இருந்தது. ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி மரபணுக் கோளாறால் வேலை செய்யவில்லை. எலும்போ கிழவரின் எலும்பு போல அடர்த்தி குறைந்து கிடந்தது. டெஸ்டோஸ்டிரோன் மட்டும் போதுமானால் அவருக்கு இப்படி ஆகியிருக்கக் கூடாது. சில வருடங்களில் வேறு சில ஆண்கள் கண்டறியப்பட்டார்கள். அவர்களுக்கு அரோமடேஸ் நொதியே இல்லை. அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்ததும் எலும்பு தேறியது. 2000இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் வயதான ஆண்களை வைத்துக் கணக்கே போட்டார்கள்: எலும்பு கரைவதைத் தடுக்கும் வேலையில் குறைந்தது 70 சதவீதம் ஈஸ்ட்ரோஜன் பங்கு, டெஸ்டோஸ்டிரோன் பங்கு மிஞ்சிப் போனால் 30.

சதைக்கு விடை வேறு. 2013இல் பாஸ்டனில் வெளிவந்த ஓர் ஆய்வில் 20 முதல் 50 வயதுவரை உள்ள ஆண்களின் சொந்த ஹார்மோனை மருந்தால் நிறுத்திவிட்டு, டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லை வெவ்வேறு அளவில் கொடுத்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு அது ஈஸ்ட்ரோஜனாக மாறாமல் தடுத்தும் வைத்தார்கள். தசையின் அளவும் பலமும் டெஸ்டோஸ்டிரோனோடு ஏறி இறங்கின. கொழுப்பு ஏறியதோ ஈஸ்ட்ரோஜன் குறைந்தபோது. சதைக்கு ஒரு காவல்காரன், எலும்புக்கும் கொழுப்புக்கும் பெரும்பாலும் இன்னொருவன். இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இப்போது உங்கள் அண்ணனைப் பாருங்கள், எல்லாம் புரியும். ப்ராஸ்டேட் புற்றுநோய் டெஸ்டோஸ்டிரோனைத் தின்று வளர்கிறது. அதை 1941இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. அதனால்தான் அண்ணனுக்கு அடக்க ஊசி. டெஸ்டோஸ்டிரோனை அடக்கினால் அதிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்தே போய்விடுகிறது. எனவே எலும்பும் போகிறது, சதையும் போகிறது, கொழுப்பு சேர்கிறது. இந்தச் சிகிச்சை எடுத்த ஆண்களை 48 வாரம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில் உடற்கொழுப்பு 9.4 சதவீதம் ஏறியது, கொழுப்பில்லாத எடை 2.7 சதவீதம் இறங்கியது. அவருக்கு அந்த ஊசி உயிர் காக்கிறது. தொப்பையைப் பார்த்து அதை நிறுத்த நினைக்கக் கூடாது. ஆனால் அவருக்கு டெக்ஸா எடுத்தார்களா, எலும்புக்கு மருந்து உண்டா என்று அவருடைய டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலடியில் போடும் டெனோசுமாப் என்ற ஊசி, இப்படிப்பட்டவர்களுக்கு முதுகெலும்பு முறிவைக் குறைக்கிறது என்று 2009லேயே நிரூபணமானது. அதைத் தொடங்கினால் தவணை தவறக் கூடாது. தவறினால் விட்டதெல்லாம் வட்டியோடு கரைந்து, முதுகெலும்பு ஒன்றன்பின் ஒன்றாக முறிந்த கேஸ்கள் உண்டு.

அண்ணனுக்கு ஹார்மோன் கிட்டத்தட்ட பூஜ்யம். உங்களுக்கு 270. இரண்டு பேருக்கும் தொப்பை என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது.

அந்த 270ஐயும் அப்படியே நம்ப முடியாது. வகுப்பில் சொல்வீர்களே, விடை எழுதியிருக்கிறாய், வழிமுறை தப்பு என்று, அந்தக் கதைதான். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், சாயங்காலம் இறங்கும். சாப்பிட்டால் இறங்கும். காய்ச்சல், எலும்பு முறிவு, ஆபரேஷன் என்று உடம்பு அல்லாடும்போது நன்றாகவே இறங்கும். நீங்கள் மூன்றையும் சேர்த்துச் செய்திருக்கிறீர்கள். காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், உடம்பு தேறிய பிறகு, வேறு வேறு நாளில் இரண்டு முறை எடுக்க வேண்டும். இரண்டிலும் 300க்குக் கீழே இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. அப்போதும் பிட்யூட்டரி சுரக்கும் எல்.எச்., ப்ரோலாக்டின் ஹார்மோன்களைப் பார்த்து, கோளாறு விதைப்பையிலா பிட்யூட்டரியிலா என்று தேடுவோம். உங்கள் விஷயத்தில் பொடி முடிவு தெரியாமல் இந்தப் பரிசோதனையே வீண்செலவு.

சரி, இரண்டு முறையும் குறைவாகவே வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஊசி போட்டால் எலும்பு திரும்புமா?

65 வயதுக்கு மேற்பட்ட, டெஸ்டோஸ்டிரோன் குறைந்த 211 ஆண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. ஒரு வருடம் ஜெல் தடவியவர்களுக்கு முதுகெலும்பின் பஞ்சுப் பகுதி அடர்த்தி 7.5 சதவீதம் ஏறியது. வெறும் ஜெல் தடவியவர்களுக்கு 0.8தான். நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் நோயாளிக்கு வேண்டியது அடர்த்தியா, முறியாமல் இருப்பதா? அதற்கு விடை 2024இல் வந்தது. இதய நோயோ அதற்கான ஆபத்தோ இருந்த, டெஸ்டோஸ்டிரோன் 300க்குக் கீழே இருந்த, 45 முதல் 80 வயதுவரையான 5,204 ஆண்களைச் சராசரியாக மூன்று வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் எடுத்தவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு எலும்பு முறிந்தது. எடுக்காதவர்களில் 2.5 சதவீதம். குறையும் என்று எதிர்பார்த்தது கூடியிருந்தது! தெம்பு வந்ததும் ஆள் ஓடியாடி விழுந்திருப்பாரோ என்று ஓர் ஊகம் உண்டு. அவர்கள் எலும்பு நோய் இருக்கிறதா என்று பார்த்துச் சேர்க்கப்பட்டவர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படியானாலும், எலும்பு முறியாமல் இருக்க டெஸ்டோஸ்டிரோன் ஊசி என்று சொல்ல இப்போது யாருக்கும் ஆதாரம் கிடையாது. அதே ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்பது ஆறுதல். இதயத்துடிப்புச் சீர்கேடும் நுரையீரலில் ரத்தக் கட்டியும் கொஞ்சம் கூடின.

பிட்யூட்டரியில் கட்டி வந்தவர், பிறவியிலேயே விதைப்பை சுருங்கியவர், இவர்களுக்கெல்லாம் டெஸ்டோஸ்டிரோன் நல்ல மருந்து. கொடுத்த சில மாதத்தில் ஆளே மாறி வருவதைப் பார்த்திருக்கிறேன். வயதாகிறது என்பதற்காகப் போடுவதைத்தான் நான் ஏற்பதில்லை. இது இன்று தொடங்கிய ஆசை இல்லை. 1889இல் பாரிஸில் பிரௌன் செக்கார் என்ற பெரிய உடலியல் அறிஞர், 72 வயதில் நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விதைப்பைச் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டது என்று சபையில் அறிவித்தார். நீரில் பிழிந்த அந்தச் சாற்றில் வேலை செய்யும் அளவுக்கு ஹார்மோன் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. நம்பிக்கைக்கும் ஒரு மருந்துக் குணம் உண்டு போலிருக்கிறது.

உங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உடன்பிறந்த அண்ணனுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் என்றால் உங்களுக்கும் அந்த ஆபத்து சராசரியைவிட அதிகம். ஊசி போடுகிறீர்களோ இல்லையோ, ப்ராஸ்டேட் புற்றுநோயைத் தேட உதவும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பற்றி யூராலஜிஸ்டிடம் பேசிவிடுங்கள். அதைப் பார்க்காமல் ஊசி போடச் சம்மதிக்கவே கூடாது.

எலும்புக்கு எலும்பு மருந்துதான். இடுப்பில் மைனஸ் 2.7, கூடவே லேசான விழுகையில் முறிவு என்றால் மருந்து வேண்டுமா என்ற கேள்வியே இல்லை. முதுகெலும்பில் மைனஸ் 1.6 என்று ஆறுதல் அடையாதீர்கள். நம் வயதில் முதுகெலும்பில் எலும்பு முள் வளர்ந்து, பக்கத்து ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்து, ஸ்கேனில் அடர்த்தியை ஏற்றிக் காட்டும். சர்வீஸ் ரெஜிஸ்டர் சொல்லும் 170தான் நம்பகமான சாட்சி. 4.5 செ.மீ. குறைந்திருப்பது முதுகெலும்பு ஒன்றோ இரண்டோ சத்தமில்லாமல் நசுங்கியிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். வலிக்காமலே நசுங்கும். பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும்.

ஆண்டுக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட், ஆண்களிலேயே சோதித்து நிரூபிக்கப்பட்டது. இரண்டு வருடத்தில் புதிய முதுகெலும்பு முறிவு 4.9 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாக இறங்கியது. வாரம் ஒரு மாத்திரையாக அலெண்ட்ரோனேட்டும் உண்டு. வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், காபி குடிக்காமல் இருக்க வேண்டும். காபி இல்லாத அந்த அரை மணி நேரத்துக்குப் பயந்தே பல பேர் டிரிப்பைக் கேட்கிறார்கள். எதுவானாலும் முதலில் சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி பார்க்க வேண்டும். பல் பிடுங்கும் வேலை இருந்தால் முன்பே முடித்துக்கொள்வது நல்லது. தைராய்டு, பாராதைராய்டு, மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய், இவையும் இல்லை என்று உறுதி செய்துகொள்வோம். ஆணுக்கு எலும்பு கரைந்தால் பின்னால் ஒரு காரணம் ஒளிந்திருப்பது அதிகம்.

இனி அந்த 66 கிலோ. இருபது வருடமாக எடை மாறவில்லை என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். கூட்டுத்தொகை மாறவில்லை, கூட்டப்பட்ட எண்கள் மாறிவிட்டன. சதை போன இடத்தில் கொழுப்பு வந்து கணக்கைச் சரிக்கட்டியிருக்கிறது. நம் ஆட்களுக்கு இது கொஞ்சம் கூடுதல். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டார்கள். ஒருவர் புனேயின் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் யூட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) ஒன்றேதான், 22.3. யூட்கினுக்கு உடற்கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் இந்தியருக்குள் ஒரு குண்டர் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு அதைவிட நேர்மையான படத்தை நான் பார்த்ததில்லை.

வயிற்றுக் கொழுப்பு சும்மா உட்கார்ந்திருப்பதும் இல்லை. தொப்பை போடுகிறவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்குகிறது, இறங்கியதால் சதை இன்னும் குறைகிறது, கொழுப்பு இன்னும் கூடுகிறது. கொழுப்பிலும் அரோமடேஸ் உண்டு, அது ஈஸ்ட்ரோஜன் செய்யும் என்று தெரிந்தவர் கேட்பார்: அப்படியானால் தொப்பை எலும்புக்கு நல்லதா? நல்ல கேள்வி. பருமனானவர்களுக்கு ஸ்கேனில் அடர்த்தி நன்றாகத்தான் தெரியும். ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு அதே நல்ல அடர்த்தியிலும் எலும்பு முறிகிறது, தரம் கெட்டுவிடுகிறது. கால் பலமில்லாமல் விழுகிறவருக்கு ஸ்கோர் வந்து தாங்கிப் பிடிக்காது.

உங்களுக்குக் குறைக்க வேண்டியது எடை இல்லை. பட்டினி கிடந்தால் சதையும் எலும்பும் சேர்ந்தே போகும். சதையை ஏற்ற வேண்டும். அதற்கு நடை போதாது, சார். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, விடாதீர்கள். ஆனால் எலும்பு, தன்மேல் பாரம் ஏறினால்தான் தடிக்கும். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள், மாப்பிள்ளையைக் கடிகாரம் பார்க்கச் சொல்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கால் சதை பலவீனம் என்று பொருள். மாப்பிள்ளைக்கு ஜிம் தெரியும் என்பது வரம். ஊசியை விட்டுவிட்டு அந்த அறிவை வாங்கிக்கொள்ளுங்கள். எலும்பு டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் பார்த்த பிறகு, வாரம் இரண்டு மூன்று நாள், தொடைக்கும் முதுகுக்கும் தோளுக்கும் மெதுவாகக் கூட்டிக்கொண்டே போகும் எடைப் பயிற்சி. யோகாவில் மட்டும் ஒரு திருத்தம்: முன்னால் குனிந்து கால் விரலைத் தொடும் ஆசனங்கள் இனி வேண்டாம். மெலிந்த முதுகெலும்பின் முன்பக்கம் அப்படிக் குனியும்போதுதான் நசுங்குகிறது. குனிந்து தண்ணீர் கேனைத் தூக்குவதும் கூடாது.

சாப்பாட்டில் உங்கள் எடைக்குப் புரதம் நாளுக்கு 66 முதல் 80 கிராம் வரை வேண்டும், சிறுநீரகம் நன்றாக இருந்தால். காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவு தோசை என்றால் அதில் பாதிகூட வராது. முட்டை, சுண்டல், தயிர், மீன், பருப்பைக் கெட்டியாக என்று வேளைக்கு வேளை பிரித்துச் சேருங்கள். கால்சியம் நாளுக்கு 1,000 மி.கி. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மி.கி., ஒரு டம்ளர் பாலில் 240. முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் எள்ளும் உண்டு. பிரண்டைத் துவையல் பற்றியும் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கும் பிடிக்கும். ருசிக்காகச் சாப்பிடுங்கள், மைனஸ் 2.7க்கு அது மருந்தாகாது.

கடைசியாக, ஏன் விழுந்தீர்கள் என்று யாராவது கேட்டார்களா? டாம்சுலோசின் படுத்திருந்து எழும்போது ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். இரவு 2 மணி, தூக்கக் கலக்கம், ஈரத் தரை. படுத்திருக்கும்போதும் நின்ற பிறகும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். எழுந்ததும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள். பாத்ரூமுக்கு ஒரு சின்ன விளக்கு, சுவரில் ஒரு கைப்பிடி, காய்ந்த தரை. இவற்றுக்கு ஆகும் செலவு ஓர் ஊசியின் விலைகூட வராது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பொடி, மாத்திரை அட்டைகள், டெக்ஸா ரிப்போர்ட், சர்வீஸ் ரெஜிஸ்டரில் உயரம் எழுதிய பக்கத்தின் நகல், எல்லாம் கையோடு இருக்கட்டும். காலை 8 மணிக்கு வெறும் வயிற்றில் போங்கள். அன்றைக்குப் பொடியை ரத்தம் எடுப்பதற்கு முன்னால் சாப்பிடுவதா, எடுத்த பிறகா என்று முதல் நாளே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். காபி, ரத்தம் எடுத்த பிறகுதான்.